பாம்பினம் வகுத்த பேரறிஞர் லின்னேயஸ்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அச்சம் நிறைந்த கண்ணுக்குப் பாம்புகள் அனைத்தும் ஒன்றாகவே தோன்றும். நஞ்சுடையது எது, நஞ்சற்றது எது என்று நின்று நோக்கும் பொறுமை அப்போது எவருக்கும் இருப்பதில்லை. கையில் அகப்பட்ட கோலால் அடித்துக் கொல்வதே வழக்கமாகிவிடுகிறது.

இவ்வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வடபகுதியில் நீண்ட பனிக்காலம் உடைய சுவீடன் என்னும் நாடு உள்ளது. அந்நாட்டில் இயற்கையாக வாழும் பாம்பினங்கள் மூன்றே. அம்மூன்றனுள்ளும் மாந்தர்க்குத் தீங்கு செய்யத்தக்க நஞ்சுடையது ஒன்றே. ஆயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டு மக்கள், நஞ்சற்றதை நஞ்சுடையது என்று அஞ்சினர். ஒரே இனத்தை நிறம் மாறியதால் வெவ்வேறு இனம் என்று மயங்கினர். பாம்பல்லாத உயிரையும் பாம்பென்று எண்ணிக் கொன்றனர்.

இம்மயக்கத்தைத் தீர்க்க ஒரு வழி வகுத்தவர் கார்ல் லின்னேயஸ் என்னும் அறிஞர். அவர் செடி கொடிகளை வகைப்படுத்திய பெருமையை உலகம் நன்கறியும். பாம்புகளை இனங்காண அவர் கையாண்ட முறையோ பலர் அறியாதது. அம்முறையையும் அவர் வாழ்க்கையையும் ஒருங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் ஸ்மோலண்ட் என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள ரோசுல்ட் என்னும் சிற்றூரில் 1707 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் லின்னேயஸ் பிறந்தார். தந்தையார் நீல்ஸ், கிறித்தவக் கோயிற் குருவாகப் பணிபுரிந்தவர். அக்காலத்தில் அந்நாட்டுப் பொதுமக்களிற் பலர்க்கு நிலையான குடிப்பெயர் இல்லை. நீல்ஸ் கல்வி பயிலச் சென்றபோது தமக்கு ஒரு குடிப்பெயர் வேண்டியிருந்தது. தம் குடும்ப நிலத்தில் ஓங்கி வளர்ந்து நின்ற லிண்டன் மரத்தை நினைந்து, லின்னேயஸ் என்னும் பெயரை அவர் அமைத்துக் கொண்டார். மரத்தின் பெயரைத் தாங்கிய குடியில், உயிர்களுக்கெல்லாம் பெயர் சூட்டப் போகும் மகன் பிறந்தது பொருத்தமே.

தந்தையார் தோட்டக்கலையில் பெருவிருப்பம் உடையவர். மகனும் சிறுவயது முதலே செடிகளோடு வளர்ந்தார். ஒவ்வொரு செடியின் பெயரையும் கேட்பதும், கேட்டதை மறப்பதும், மீண்டும் கேட்பதுமாக இருந்தார். மறந்தால் இனிப் பெயர் கூறுவதில்லை என்று தந்தையார் கண்டித்தார். அன்று முதல் பெயர்களை நினைவில் நிறுத்துவதையே அச்சிறுவர் தம் கடமையாகக் கொண்டார்.

பள்ளிக்கூடம் அவருக்கு இனிக்கவில்லை. வேக்‌ஷோ என்னும் நகரப் பள்ளியில் பயின்றபோது, சமயக் கல்வியிலும் பழைய மொழிகளிலும் அவர் சிறந்து விளங்கவில்லை. இவர் குருத்தொழிலுக்கு ஏற்றவர் அல்லர். ஏதேனும் ஒரு கைத்தொழில் பழக்குவதே நன்று என்று ஆசிரியர்கள் தந்தையாரிடம் தெரிவித்தனர். தந்தையார் உள்ளம் உடைந்தார். அந்நேரத்தில் ரோத்மன் என்னும் மருத்துவர் உதவ முன்வந்தார். அச்சிறுவரிடம் இயற்கை நூல் ஆர்வம் ஒளிர்வதை அவர் கண்டிருந்தார். தம் இல்லத்திலேயே அவரை வைத்துக்கொண்டு மருத்துவமும் செடிநூலும் கற்பித்தார். ஒரு நல்லாசிரியரின் கூர்நோக்கு ஓர் உலக அறிஞரைக் காத்தது.

கல்வியும் வறுமையும்

1727 ஆம் ஆண்டு லின்னேயஸ் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு உப்சாலா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். கையிலிருந்த சிறு பொருள் விரைவிற் கரைந்தது. உண்ண உணவில்லை, கிழிந்த காலணியின் ஓட்டையைக் காகிதத்தால் அடைத்து நடந்தார். அந்நிலையிலும் பல்கலைக்கழகத் தோட்டத்தில் செடிகளை ஆராய்வதை அவர் விடவில்லை. அங்கு அவரைக் கண்ட ஓலாவ் செல்சியஸ் என்னும் பேராசிரியர், அவரது அறிவை வியந்து தம் இல்லத்தில் இடம் அளித்தார். 1730 ஆம் ஆண்டில், மாணவராக இருந்த நிலையிலேயே செடிநூல் விரிவுரை ஆற்றும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

1732 ஆம் ஆண்டு மே மாதத்தில் வடகோடியிலுள்ள லாப்லாந்துப் பகுதிக்கு அவர் புறப்பட்டார். குதிரையிலும் ஓடத்திலும் கால்நடையாகவும் சென்று, ஐந்து திங்கள் கழித்து மீண்டார். சதுப்பு நிலங்களும் பனிமலைகளும் நிறைந்த அப்பகுதியின் உயிர்களையும், கலைமான் மேய்க்கும் மக்களின் வாழ்க்கையையும் நுணுகிக் குறித்துக்கொண்டார். பிறர் கூறக் கேட்டு எழுதுவது வேறு. தாமே கண்டு எழுதுவது வேறு என்பதை அப்பயணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதித்தது.

ஏழு தலைப் பாம்பு

1735 ஆம் ஆண்டு, மருத்துவப் பட்டம் பெறும் பொருட்டு லின்னேயஸ் ஆலந்து நாட்டிற்குப் புறப்பட்டார். செல்லும் வழியில் செர்மனியின் ஆம்பர்கு நகரில் சில நாள் தங்கினார். அந்நகரில் ஓர் அரிய பொருள் இருந்தது. பதப்படுத்தி வைத்திருந்த அவ்வுடல் ஏழு தலைகளையும் பாம்பின் தோலையும் உடையதாக இருந்தது. பழங்கதைகள் கூறும் ஏழு தலைப் பாம்பு இதுவே என்று பலரும் நம்பினர். அக்காலத்துப் புகழ்பெற்ற படநூல் ஒன்றிலும் அதன் உருவம் இடம்பெற்றிருந்தது. அதற்குப் பெருவிலை பேசப்பட்டு வந்தது.

லின்னேயஸ் அதனைக் கண்டார். வியந்து நிற்கவில்லை, உற்று நோக்கினார். அதன் தாடையும் பல்லும் பாம்பினுடையவை அல்ல. வீசல் என்னும் கீரி போன்ற சிறு விலங்கினுடையவை. அதன் நகங்களும் அவ்விலங்கினுடையவையே. அவற்றின்மேல் பாம்புத் தோலை ஒட்டி யாரோ அழகாகச் செய்து வைத்திருந்தனர். கண்ட உண்மையை லின்னேயஸ் மறைக்கவில்லை, வெளிப்படையாகக் கூறினார். பெருவிலை பெறுவதாக இருந்த பொருள் ஒரே நாளில் விலையற்றுப் போயிற்று. உடையவர்களின் சினத்திற்கு ஆளாகக்கூடும் என்பதை உணர்ந்து அவர் விரைவில் அந்நகரை விட்டு நீங்கினார்.

அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தெட்டு. பட்டமும் பதவியும் இல்லை. ஆயினும் நூலோர் ஏற்றுக்கொண்ட ஒன்றைத் தம் கண்ணால் ஆராய்ந்து மறுக்கும் துணிவு அவரிடம் இருந்தது. பாம்பைப் பாம்பென்று அறிவதற்குக் கதை உதவாது. பல்லும் செதிலுமே உதவும் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்றாயிற்று.

ஆலந்து நாட்டில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இயற்கையின் ஒழுங்கமைப்பு என்று பொருள்படும் பெயரைக்கொண்ட தம் புகழ்மிக்க நூலை லெய்டன் நகரில் வெளியிட்டார். அகன்ற தாளில் ஏறத்தாழப் பன்னிரண்டு பக்கங்களே கொண்டது அந்நூல். செடி, விலங்கு, கனிப்பொருள் ஆகிய மூன்றனையும் அது வகைப்படுத்திக் காட்டியது. பின்னர் அவரே அதனைத் திருத்தியும் பெருக்கியும் பலமுறை வெளியிட்டார்.

சுவீடன் நாட்டுப் பாம்புகள்

1738 ஆம் ஆண்டு லின்னேயஸ் தாயகம் திரும்பினார். ஸ்டாக்கோம் நகரில் மருத்துவத் தொழில் புரிந்தார். 1739 ஆம் ஆண்டு அங்கு அறிவியற் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக விளங்கினார். 1741 ஆம் ஆண்டு உப்சாலாவில் பேராசிரியரானார். அதன்பின் நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, அங்குள்ள உயிர்களை ஆராய்ந்தார். 1746 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு விலங்குகள் அனைத்தையும் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அந்நூலில் பாம்புகளும் இடம்பெற்றன.

அந்நாட்டுப் பாம்புகளின் இயல்பை இங்குச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். அவற்றுள் நஞ்சுடையது விரியன் வகையைச் சேர்ந்த ஒன்று. கொத்தும் பாம்பு என்னும் பொருள்பட அந்நாட்டு மக்கள் அதனை அழைப்பர். உடல் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். முதுகின் நடுவே வளைந்து வளைந்து செல்லும் கருங்கோடு ஒன்று தலை முதல் வால் வரை ஓடும். கண்ணின் பாவை பூனையின் கண்போல நெடுக்காக அமைந்திருக்கும். செதில்களின் நடுவே சிறு முகடு உண்டு. அதனால் உடல் சொரசொரப்பாகத் தோன்றும். இது முட்டையிடாமல் குட்டி ஈனும். குளிர்மிகுந்த நாட்டில் முட்டை பொரிக்கப் போதிய வெப்பம் கிடைப்பது அரிது. தாய்ப்பாம்பு தன் வயிற்றிலேயே கருவை வைத்துக்கொண்டு வெயிலில் காய்ந்து அதனை வளர்க்கிறது. இவ்வியல்பு உதவியாக இருப்பதால்தான், வேறு எப்பாம்பும் செல்லாத வடதுருவ வட்டத்திற்கு அப்பாலும் இவ்விரியன் வாழ்கிறது.

மற்றொன்று புற்பாம்பு. இது விரியனை விட நீளமானது; ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். கழுத்தின் இருபுறமும் பிறை வடிவான மஞ்சட் புள்ளிகள் விளங்கும். கண்ணின் பாவை வட்டமானது. நீரில் நன்கு நீந்தித் தவளைகளை உண்ணும். எருக்குவியலில் பிறக்கும் வெப்பத்தை நாடி அதனுள் முட்டையிடும். பகைவர் கையில் அகப்பட்டால் வாயைத் திறந்து, நாவை வெளியே தொங்கவிட்டு, இறந்ததுபோல் கிடக்கும். மாந்தர்க்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. முற்காலத்தில் சுவீடன் நாட்டு உழவர்கள் தம் மாட்டுக்கொட்டிலில் தங்கிய இப்பாம்பை வீட்டிற்கு நலம் தருவதென்று போற்றிப் பால் வைத்ததும் உண்டு.

மூன்றாவது, வழவழப்பான செதில்களையுடைய ஒரு சிறு பாம்பு. அது நாட்டின் தென்பகுதியில் மட்டும் வாழ்கிறது. அதற்கும் நஞ்சில்லை. இரையை உடலால் சுற்றி இறுக்கியே உண்ணும். ஆயினும் முதுகில் கரும்புள்ளிகள் இருப்பதால் விரியன் என்று மயங்கி மக்கள் அதனைக் கொன்றனர். இம்மூன்றனோடும் சேர்த்து எண்ணப்பட்ட மற்றோர் உயிர், செம்பு நிறம் படைத்த காலற்ற பல்லியாகும். அதற்குக் கண்ணிமை உண்டு. பாம்புக்குக் கண்ணிமை இல்லை. பல்லியைப் போலவே அது தன் வாலை முறித்துவிட்டுத் தப்பியோடும். அதனையும் கொடிய நஞ்சுடைய பாம்பென்று மக்கள் அஞ்சினர்.

செதிலே சான்று

இவற்றையெல்லாம் பிரித்தறிவது எவ்வாறு? லின்னேயஸுக்கு முன் வாழ்ந்தோர் பெரும்பாலும் நிறத்தையும் உருவத்தையும் கொண்டே பாம்புகளைக் குறித்தனர். இவ்வழி உறுதியானதன்று. ஒரே விரியன் இனத்தில் ஆண் சாம்பல் நிறமாகவும், பெண் பழுப்பு நிறமாகவும் இருக்கும். முழுதும் கரிய விரியன்களும் உண்டு. அவற்றின் முதுகிலுள்ள கோடு கண்ணுக்குப் புலப்படாது. மேலும் ஆராய்ச்சிக்காகச் சாராயத்தில் இட்டு வைக்கும் பாம்புகளின் நிறம் நாளடைவில் மங்கிவிடும். மாறும் அடையாளத்தை நம்பினால் மாறாத உண்மையைக் காண இயலாது.

ஆகவே லின்னேயஸ் பாம்பின் அடிப்பக்கத்தை நோக்கினார். பாம்பின் வயிற்றில் குறுக்கே அகன்ற தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. வாலின் அடியிலும் தகடுகள் உள்ளன. பாம்பு வளர்ந்து நீண்டாலும் இத்தகடுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. பிறந்தபோது எத்தனையோ அத்தனையே இறுதிவரை இருக்கும். தோலை உரித்தாலும் எண்ணிக்கை மாறாது. நிறம் மங்கினாலும் மாறாது. எனவே வயிற்றுத் தகடுகளையும் வாலடித் தகடுகளையும் தனித்தனியே எண்ணி எழுதுவதை அவர் தம் முறையாகக் கொண்டார்.

தகடுகள் அமைந்த விதத்தைக் கொண்டு பாம்புகளை அவர் ஆறு பெரும்பிரிவுகளாக வகுத்தார். வாலின் நுனியில் ஒலிக்கும் கிலுகிலுப்பை உடையவை ஒரு பிரிவு. வாலடியில் பிளவுபடாத முழுத் தகடுகள் உடையவை மற்றொரு பிரிவு. வயிற்றில் முழுத் தகடும் வாலடியில் இணை இணையான தகடும் உடையவை வேறொரு பிரிவு. அடிப்பக்கம் முழுவதும் சிறு செதில்களே உடையவை ஒன்று. உடலில் வளையங்கள் உடையவை ஒன்று. தோலில் மடிப்புகள் மட்டும் உடையவை ஒன்று. பெயரைக் கேட்டறியாதவரும் தகடுகளைப் பார்த்து, எண்ணி, நூலில் இடத்தைக் கண்டுகொள்ளலாம்.

1758 ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் பதிப்பில் லின்னேயஸ் விலங்குகள் அனைத்திற்கும் ஈரிரு சொற்களால் ஆன பெயர்களைச் சூட்டினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் சொல் தனியினத்தைக் குறிக்கும். குடிப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து ஒருவரைச் சுட்டுவது போன்றது இது. அந்நூலில் சுவீடன் நாட்டு விரியனுக்குப் பெரஸ் என்னும் பெயரையும், புற்பாம்பிற்கு நேட்ரிக்ஸ் என்னும் பெயரையும் அவர் அளித்தார். விரியனுக்கு வயிற்றுத் தகடு 146, வாலடித் தகடு 39. புற்பாம்பிற்கு வயிற்றுத் தகடு 170, வாலடித் தகடு 60 என்று குறித்தார். அச்சத்தால் ஒன்றாகக் கலந்திருந்த இரண்டு உயிர்கள் எண்களால் பிரிந்து நின்றன. விலங்குகளின் அறிவியற் பெயர்களுக்கெல்லாம் அப்பதிப்பே தொடக்கம் என்று உலக அறிஞர்கள் பின்னர் முடிவு செய்தனர்.

ஈண்டு நாம் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. லின்னேயஸுக்குப் பாம்பு முதலிய உயிர்களின்மேல் விருப்பமே இல்லை. குளிர்ந்த உடலும் வெறுக்கத்தக்க தோற்றமும் உடையவை என்றே அவற்றைப்பற்றி அவர் எழுதினார். விரும்பிய மலரின் இதழை எண்ணுவது எளிது. வெறுத்த பாம்பின் செதிலை ஒவ்வொன்றாக எண்ணுவது அரிது. தம் வெறுப்பு தம் கடமைக்குக் குறுக்கே நிற்க அவர் இடம் தரவில்லை. உள்ளத்தில் விருப்பு வெறுப்பு இருக்கலாம். எண்ணிக்கையில் இருத்தல் கூடாது என்பதை அவர் செயலால் காட்டினார்.

தொலைநாட்டுப் பாம்புகள்

சுவீடன் மன்னர் அடால்பு பிரடெரிக்கு தம் மாளிகையில் பல நாட்டு உயிர்களைத் திரட்டி வைத்திருந்தார். கிழக்கிலும் மேற்கிலும் சென்று மீண்ட கப்பல்கள் கொண்டுவந்த பாம்புகள் பல அத்தொகுதியில் இருந்தன. அவற்றை ஆராய்ந்து விளக்கும் பணி லின்னேயஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாராய்ச்சியின் பயனாக 1754 ஆம் ஆண்டு படங்களோடு கூடிய பெருநூல் ஒன்று வெளிவந்தது.

அவருடைய மாணவர்களும் உலகின் பல பகுதிகளுக்குச் சென்றனர். அவர்களுள் ஆசல்குவிஸ்டு என்பவர் எகிப்து, பாலத்தீனம் முதலிய நாடுகளுக்குச் சென்று பாம்பு முதலிய உயிர்களைத் திரட்டினார். உடல்நலம் குன்றிய அவ்விளைஞர் 1752 ஆம் ஆண்டு ஸ்மிர்னா நகரின் அருகே முப்பது வயதில் உயிர்நீத்தார். பட்ட கடனுக்காக அவர் திரட்டிய பொருள்கள் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டன. சுவீடன் நாட்டு அரசி அக்கடனைத் தீர்த்து அவற்றை மீட்டார். லின்னேயஸ் தம் மாணவரின் குறிப்புகளை நூலாக வெளியிட்டு அவர் உழைப்பை வாழச் செய்தார். ஒரு பாம்பின் பெயருக்குப் பின்னால் ஓர் இளைஞரின் உயிரும் இருக்கக்கூடும் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டு நல்லபாம்பும் 1758 ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றது. வயிற்றுத் தகடு 193, வாலடித் தகடு 60 என்று அதற்குக் கணக்குக் காட்டிய லின்னேயஸ், நாகம் என்னும் நம் நாட்டுச் சொல்லின் வழிவந்த நாஜா என்பதையே அதற்குப் பெயராக இட்டார். இன்றும் உலகமெங்கும் நல்லபாம்பின் அறிவியற் பெயர் அதுவே.

அறிஞரும் தவறிய இடம்

லின்னேயஸின் ஆராய்ச்சியிலும் பிழைகள் உண்டு. காலற்ற பல்லியை அவர் பாம்பு வரிசையிலேயே சேர்த்தார். அடிப்பக்கத்தை மட்டும் நோக்கியதால், நஞ்சுடைய விரியனையும் நஞ்சற்ற புற்பாம்பையும் ஒரே பேரினத்தில் அடக்கினார். வியன்னா அறிஞராகிய லாரென்டி என்பவரே 1768 ஆம் ஆண்டு விரியனுக்கும் புற்பாம்பிற்கும் தனித்தனிப் பேரினங்களை வகுத்தார். வழவழப்பான செதிலுடைய மூன்றாம் பாம்பைத் தனியினமாகப் பெயரிட்டவரும் அவரே.

இவற்றினும் எண்ணிப் பார்க்கத்தக்க பிழை ஒன்றுண்டு. சுவீடன் நாட்டு மக்கள் செந்நிறம் படிந்த சிறு பாம்பு ஒன்றை ஏஸ்பிங் என்று அழைத்தனர். அது விரியனினும் கொடியது என்று நம்பினர். லின்னேயஸும் அதனைத் தனியினம் என்றே கருதினார். 1749 ஆம் ஆண்டு அறிவியற் கழக இதழில் அதனைப்பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னர் அதற்குத் தனிப்பெயரும் சூட்டினார். அதன் வயிற்றுத் தகடு 150, வாலடித் தகடு 34 என்பது அவர் கணக்கு. கூட்டினால் 184. விரியனின் 146, 39 என்பவற்றைக் கூட்டினால் 185. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஓரினத்துப் பாம்புகளுக்கிடையே தகடுகள் சில கூடியும் குறைந்தும் இருத்தல் இயல்பு. ஒன்றிரண்டை மட்டும் எண்ணாமல் பலவற்றை எண்ணியிருந்தால் இவ்வுண்மை அன்றே தெளிவாகியிருக்கும். முழுதும் கரிய விரியனுக்கும் அவர் வேறொரு பெயர் இட்டார். இவ்வாறு ஒரே பாம்பு மூன்று பெயர்களைப் பெற்றது.

செந்நிறச் சிறு பாம்பு பெரும்பாலும் இளைய விரியனோ பெண் விரியனோ ஆகும். கரும்பாம்பும் விரியனே என்று பின்வந்த அறிஞர்கள் தெளிந்தனர். அவர்கள் அதனை எவ்வாறு தெளிந்தனர்? லின்னேயஸ் கற்பித்த முறையாலேயே தெளிந்தனர். நிறத்தை விடுத்துச் செதிலையும் உறுப்பமைப்பையும் நோக்கியதாலேயே உண்மை வெளிப்பட்டது. ஊரார் சொல்லையும் நிறத்தையும் நம்பிய இடத்தில் அறிஞர் தவறினார். அவர் வகுத்த முறையோ தவறவில்லை. தம்மைத் திருத்துவதற்குரிய கருவியையும் தாமே பின்வந்தோர்க்கு அளித்துச் செல்வது பேரறிஞர்க்கே இயலும்.

இறுதி நாள்களும் புகழும்

உப்சாலாவில் லின்னேயஸ் நடத்திய வெளிவகுப்புகள் புகழ்பெற்றவை. கோடைக்காலத்தில் மாணவர் கூட்டத்தோடு காலையில் புறப்பட்டு, வயலிலும் காட்டிலும் நாள் முழுவதும் சுற்றுவார். கண்டெடுத்தவற்றை அங்கங்கே நின்று விளக்குவார். மாலையில் மாணவர்கள் கொம்பும் முரசும் ஒலிக்க நகருக்குத் திரும்புவர். நூலை மட்டும் கற்பிக்காமல் நோக்கும் திறத்தையும் அவர் கற்பித்தார்.

1761 ஆம் ஆண்டு அரசர் அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்தார். வறுமையில் காலணிக்குக் காகிதம் வைத்துத் தைத்த மாணவர் நாட்டின் பெருமக்களுள் ஒருவரானார். 1774 ஆம் ஆண்டு அவர் நோய்வாய்ப்பட்டார். நினைவும் சிறிது சிறிதாகக் குன்றியது. உலகிலுள்ள உயிர்களுக்கெல்லாம் பெயரிட்ட அவர், இறுதி நாள்களில் பலவற்றையும் மறந்தார் என்பது நெஞ்சை உருக்குவது. 1778 ஆம் ஆண்டு சனவரி மாதம் 10 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். உப்சாலாப் பெருங்கோயிலில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் திரட்டிய பொருள்களையும் நூல்களையும் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார். 1788 ஆம் ஆண்டு இலண்டனில் லின்னேயஸ் பெயரால் ஒரு கழகம் தோன்றியது.

சுவீடன் நாட்டுப் பாம்புகளைப்பற்றிய எண்ணம் இன்று பெரிதும் மாறிவிட்டது. விரியனின் கடியால் இறப்போர் மிக அரியர். நஞ்சை முறிக்கும் மருந்தும் உண்டு. நஞ்சுடையது, நஞ்சற்றது என்னும் வேறுபாடின்றி அந்நாட்டுப் பாம்புகள் அனைத்தையும் சட்டம் காக்கிறது. பாம்பைக் காண்போர் கழுத்தில் மஞ்சட் பிறை உண்டா, முதுகில் வளைகோடு உண்டா என்று விலகி நின்று நோக்கக் கற்றுள்ளனர்.

அறியாமையிலிருந்து அச்சம் பிறக்கிறது. அச்சத்திலிருந்து கொலை பிறக்கிறது. பொறுமையோடு நோக்கும் அறிவு அவ்விரண்டையும் தடுக்கிறது. வெறுத்த உயிரையும் நேர்மையோடு ஆராய வேண்டும். மாறும் தோற்றத்தை விடுத்து மாறாத அடையாளத்தைத் தேட வேண்டும். பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இம்மூன்றும் லின்னேயஸின் வாழ்வும் பணியும் நமக்கு உணர்த்தும் பாடங்களாகும்.